சந்தியாகோ நடைவழி: மஞ்சள் அம்புக்குறி மீட்ட ஊர்கள்

சந்தியாகோ நடைவழி என்பது ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்து புறப்பட்டு, ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் கலீசியா பகுதியிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரின் பேராலயத்தில் சென்று முடியும் பழைய யாத்திரைப் பாதைகளின் தொகுதியாகும். இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது பிரெஞ்சு வழி. அது பிரான்சின் தென்மேற்கு எல்லையிலுள்ள சான் ழான் பியே தெ போர் என்ற சிற்றூரில் தொடங்கி, பிரனீஸ் மலையைக் கடந்து, ஏறத்தாழ 780 கி.மீ. மேற்கு நோக்கிச் செல்கிறது.

ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட இந்தப் பாதை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. இன்று கிராமப்புறச் சுற்றுலாவுக்காக இயற்கை, பண்பாட்டு நடைவழிகளை அமைக்க விரும்பும் நாடுகள் முதலில் எடுத்துப் பார்க்கும் உதாரணம் இதுவே. அது எப்படி மறைந்தது, யாரால் மீண்டது, மீண்டதால் வழியோர ஊர்களுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

இயேசுவின் சீடர்களுள் ஒருவரான யாக்கோபை ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்பர். இதே பெயர்தான் தமிழ்க் கத்தோலிக்கரிடம் சந்தியாகப்பர் என்றும் யாகப்பர் என்றும் வழங்குகிறது. இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காட்டிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிளாலியிலும் உள்ள புகழ்பெற்ற ஆலயங்கள் இவர் பெயரில் அமைந்தவை. கொம்போஸ்தெலா பேராலயத்தில் இருப்பது இவருடைய கல்லறை என்பது யாத்திரிகர்களின் நம்பிக்கை.

பாதை ஊர்களை உருவாக்கிய காலம்

9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோதொமிரோ என்ற ஆயர் இக்கல்லறையைக் கண்டறிந்ததாக மரபு கூறுகிறது. செய்தி அறிந்த அஸ்தூரியாஸ் அரசர் இரண்டாம் அல்போன்சோ தம் தலைநகரான ஓவியேதோவிலிருந்து அங்கு சென்றார். அவரையே முதல் யாத்திரிகர் என்பர். இன்று காணும் பேராலயத்தின் கட்டுமானம் 1075-இல் தொடங்கியது; 1211-இல் அது அருள்பொழிவு செய்யப்பட்டது.

11, 12-ஆம் நூற்றாண்டுகளில் யாத்திரை பெருகியது. அரசர்களும் மடங்களும் ஆறுகளுக்குப் பாலம் கட்டினர். மலைக் கணவாய்களில் சத்திரம் வைத்தனர். பாதை செப்பனிடுவதையும் பாலம் அமைப்பதையும் வாழ்நாள் தொண்டாகச் செய்து 1109-இல் மறைந்த தொமிங்கோ என்ற துறவியின் பெயரிலேயே இன்று ஓர் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பெயரின் கடைசிச் சொல்லான 'கல்சாதா' என்பதற்குக் கல் பாவிய சாலை என்று பொருள். நம் நாட்டில் சாலையோரச் சத்திரமும் கிணறும் சுமைதாங்கியும் அறமாகக் கருதப்பட்டது போலவே, அங்கும் வழிநடப்பவருக்கு உதவுவது புண்ணியமாகக் கருதப்பட்டது.

பாதையால் வணிகமும் வளர்ந்தது. எஸ்தேயா என்ற ஊரில் 1090-இல் அரசர் சலுகைப் பட்டயம் வழங்கி, பிரான்சிலிருந்து வந்த கைவினைஞர்களையும் வணிகர்களையும் குடியேற்றினார். இப்படி எழுந்த பல ஊர்களின் அமைப்பே தனியானது. யாத்திரைப் பாதைதான் அவற்றின் ஒரே நீளத் தெரு. வீடுகள் அதன் இருபுறமும் வரிசையாக நிற்கும். இருக்கும் ஊர்களை இணைக்கப் பாதை போடுவது வழக்கம். இங்கோ பாதை முன்னே வந்தது. ஊர்கள் பின்னே வந்தன. பின்னாளில் பாதை மறந்தபோது அந்த ஊர்கள் தளர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம்.

12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கோதெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்' என்ற இலத்தீன் நூலின் ஐந்தாம் பகுதி, யாத்திரிகருக்கான வழிகாட்டியாக அமைந்துள்ளது. பிரனீஸ் கணவாய்களிலிருந்து எத்தனை நாள் பயணம், எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எதைக் குடித்தால் குதிரை சாகும், எந்த ஊரில் உணவு நன்றாக இருக்கும், எந்த மக்கள் நல்லவர், யார் ஏமாற்றுவர் என்றெல்லாம் அது சொல்கிறது. நவார்ரா மக்களைப் பற்றி அது கூறுபவை பெரும்பாலும் வெறுப்பின் பாற்பட்டவை. ஆயினும், நடைவழி ஒன்றுக்குத் தேவையான செய்திகள் எவை என்பது 850 ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக இருந்தது என்பதற்கு அந்நூல் சான்றாகும்.

வீழ்ச்சி

14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய், பின்வந்த போர்கள், 16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தம் ஆகியவை யாத்திரையைக் குறைத்தன. 1589-இல் ஆங்கிலேயக் கடற்படை அருகிலுள்ள லா கொருஞாவைத் தாக்கியபோது, புனிதரின் எலும்புகளைப் பேராலயத்தார் மறைத்துவைத்தனர். மறைத்த இடம் காலப்போக்கில் மறந்தே போயிற்று. 1879-இல் நடந்த அகழ்வில்தான் அவை மீண்டும் கிடைத்தன. 1884-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அவற்றை உறுதிப்படுத்தினார். அதன் பின்னரும் நடந்து வருவோர் மிகச் சிலரே.

20-ஆம் நூற்றாண்டில் வேறொரு துன்பம் சேர்ந்தது. 1950-களிலிருந்து ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமங்கள் காலியாகத் தொடங்கின. மேட்டுநிலக் கோதுமை வயல்களும் மலைச்சரிவு மேய்ச்சலும் குடும்பத்தைக் காப்பாற்றப் போதவில்லை. இளைஞர்கள் மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவோ ஆகிய நகரங்களுக்கும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுக்கும் சென்றனர். பள்ளிகள் மூடப்பட்டன, கூரைகள் இடிந்தன.

அணைகளும் சில ஊர்களை விழுங்கின. கலீசியாவில் மிஞோ ஆற்றின் மீது கட்டப்பட்ட பெலெசார் அணை 1963-இல் திறக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பில் பழைய போர்த்தொமரின் ஊர் மூழ்கியது. அவ்வூரின் கோட்டை போன்ற தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, மேட்டில் மீண்டும் கட்டினர். நீர் வற்றும் காலங்களில் பழைய ஊரின் சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

ஸ்பெயின் அரசு 1962-இல் இப்பாதையை வரலாற்றுச் சிறப்புடைய தொகுதியாக அறிவித்திருந்தது. ஆனால் அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. நிலத்தில் பாதை எங்கே என்று காட்ட ஆளில்லை. 1970-களில் நடந்து வந்து பேராலயத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேரைத் தாண்டவில்லை.

ஒரு பங்குத்தந்தையின் பணி

பிரெஞ்சு வழி கலீசியாவுக்குள் நுழையுமிடத்தில், ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் ஓ செப்ரெய்ரோ. கல்சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட வட்ட வடிவ வீடுகளால் அறியப்பட்ட இவ்வூரின் பங்குத்தந்தையாக 1959 முதல் பணியாற்றியவர் எலியாஸ் வலிஞா சம்பெத்ரோ. அவர் சிதைந்திருந்த பழைய தேவாலயத்தையும் வைக்கோல் கூரை வீடுகளையும் புதுப்பிக்க உழைத்தார். நடைவழியின் வரலாற்றையும் சட்டநிலையையும் ஆராய்ந்து சலமாங்காவில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வோடு அவர் நிற்கவில்லை. பழைய ஆவணங்களில் உள்ள பாதையை நிலத்தில் தேடினார். சில இடங்களில் அது உழவு நிலமாகியிருந்தது. சில இடங்களில் முட்புதர் மூடியிருந்தது. சில இடங்களில் நெடுஞ்சாலைக்கு அடியில் போயிருந்தது. ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் கேட்டுப் பாதையை உறுதிசெய்தார். 1984-இல் மஞ்சள் வண்ணத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பிரனீஸ் மலையிலிருந்து சந்தியாகோ வரை மரங்களிலும் பாறைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே சென்றார். சாலைப் பணியில் மீந்த வண்ணம் என்பதால்தான் மஞ்சள் நிறம் அமைந்தது என்று கூறுவர். வழியில் காவலர்கள் நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரிய படையெடுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் விடையளித்ததாக ஒரு கதையும் வழங்குகிறது.

கதை எப்படியாயினும், அம்புக்குறியின் பயன் உறுதியானது. வரைபடம் படிக்கத் தெரியாதவரும் மொழி தெரியாதவரும் வழி தவறாமல் நடக்க முடிந்தது. செலவு மிகக் குறைவு. மழையில் மங்கினால் அந்தந்த ஊராரே மீண்டும் பூசிவிடலாம். இதைத் தொடர்ந்து வலிஞா, வழியோர ஊர்களில் நண்பர் சங்கங்கள் தோன்ற ஊக்கமளித்தார். பாதையைத் துப்புரவு செய்வது, குறியைப் புதுப்பிப்பது, பள்ளிக் கட்டடத்தையோ பங்கு இல்லத்தையோ இரவில் தங்கத் திறந்துவிடுவது ஆகியவை அச்சங்கங்களின் பணியாயின. 1989 டிசம்பரில் வலிஞா மறைந்தார். ஓ செப்ரெய்ரோ தேவாலயத்தின் அருகே அவருடைய மார்பளவுச் சிலை உள்ளது.

அரசுகளின் வருகை

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பாகிய ஐரோப்பிய மன்றம், 1987 அக்டோபர் 23 அன்று சந்தியாகோ நடைவழியை முதலாவது ஐரோப்பியப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993-இல் ஸ்பெயினிலுள்ள பிரெஞ்சு வழி யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1998-இல் பிரான்சிலுள்ள பாதைகளும், 2015-இல் வடக்கு ஸ்பெயின் பாதைகளும் சேர்ந்தன.

யாக்கோபின் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு புனித ஆண்டு எனப்படும். 1993 அத்தகைய ஆண்டு. கலீசிய அரசு அதைப் பெரும் சுற்றுலாப் பரப்புரையாக மாற்றியது. பாதை நெடுகப் பொதுத் தங்குமடங்களைக் கட்டியது. அதன் விளைவை எண்களில் காணலாம். பேராலய அலுவலகத்தில் சான்றிதழ் பெற்றவர்கள் 1986-இல் சுமார் 2,500 பேர். 1993-இல் ஏறக்குறைய 1 இலட்சம். 2010 புனித ஆண்டில் 2.7 இலட்சம், 2019-இல் ஏறத்தாழ 3.5 இலட்சம், 2024-இல் ஏறத்தாழ 5 இலட்சம்.

நடைவழி இயங்கும் முறை

புறப்படும்போது யாத்திரிகர் ஒரு மடிப்பு அட்டையைப் பெறுகிறார். தங்குமடம், தேவாலயம், உணவகம் என வழியில் பல இடங்களில் அதில் முத்திரை இடுவர். கால்நடையாகக் கடைசி 100 கி.மீ. அல்லது மிதிவண்டியில் கடைசி 200 கி.மீ. கடந்ததை முத்திரைகள் காட்டினால் சந்தியாகோவில் சான்றிதழ் கிடைக்கும்.

நாளொன்றுக்கு 20 முதல் 25 கி.மீ. நடப்பது வழக்கம். எனவே தங்குமடங்கள் அந்த இடைவெளிக்குள் அமைய வேண்டியுள்ளது. இதனால் செலவு ஓரிடத்தில் குவியாமல் நாள்தோறும் ஓர் ஊராகப் பரவுகிறது. பேருந்தில் வருபவர் பெரிய நகரில் இறங்கிப் படமெடுத்துவிட்டுப் போய்விடுவார். நடப்பவருக்கோ காலையில் காப்பி, நண்பகலில் ரொட்டி, கால் கொப்புளத்துக்கு மருந்து, இரவில் படுக்கையும் உணவும் தேவை. 50 பேர் வசிக்கும் ஊரிலும் இவற்றை அவர் வாங்கியே ஆக வேண்டும்.

தங்குமடங்களில் நகராட்சி, திருச்சபை, சங்கம், தனியார் என நான்கு வகை உண்டு. சங்கங்களும் திருச்சபையும் நடத்தும் மடங்களில் பலவற்றைத் தன்னார்வலர்கள் கவனிக்கின்றனர். முன்பு நடந்தவர்களே பின்பு இரண்டு வாரம் வந்து தங்கிப் பெருக்கி, சமைத்து, வரவேற்கின்றனர். கிரஞோன் ஊரில் தேவாலயத்தோடு இணைந்த மடத்தில் கட்டணம் இல்லை. இயன்றதைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருள்பட எழுதிய பெட்டி அங்கு திறந்தே இருக்கிறது.

மீண்ட ஊர்கள்

லெயோன் மாநிலத்து மலையிலுள்ள ஃபொன்செபதோன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இடைக்காலத்தில் கவுசெல்மோ என்ற துறவி அங்கு சத்திரம் வைத்திருந்தார். 1990-களின் தொடக்கத்தில் அவ்வூரில் எஞ்சியிருந்தவர்கள் ஒரு மூதாட்டியும் அவர் மகனும் மட்டுமே. பயன்படாத தேவாலயத்தின் மணிகளைக் கழற்றிச் செல்ல ஆட்கள் வந்தபோது அந்த மூதாட்டி எதிர்த்து நின்று தடுத்தார். பனிமூட்டத்தில் மணியோசை இல்லாவிட்டால் வழிப்போக்கர் திசை தவறுவர் என்பது மலைவாழ் மக்களின் பட்டறிவு. பின்னர் யாத்திரிகர் பெருகியபோது, இடிந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்குமடங்களாகவும் உணவகங்களாகவும் எழுந்தன. இன்று அங்கு இரவில் விளக்கு எரிகிறது.

அதற்கு முந்தைய ஊரான ரபனாலில், 1983-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட சந்தியாகோ அன்பர் சங்கமும் உள்ளூர் எல் பியர்சோ சங்கமும் சேர்ந்து, பாழடைந்த பங்கு இல்லத்தைப் புதுப்பித்து 1991-இல் தங்குமடமாகத் திறந்தன. அதற்கு கவுசெல்மோவின் பெயரையே வைத்தனர். பழைய கட்டடம், பழைய பெயர், பழைய பணி ஆகிய மூன்றும் ஒருசேர மீண்டன.

பாதையோர இயற்கை

ஒரே நடைவழியில் பல நிலத்தோற்றங்களைக் காண முடிவது இதன் மற்றொரு சிறப்பு. பிரனீஸில் புங்க மர இனமல்லாத குளிர்நாட்டுப் பீச் மரக்காடு, ரியோஹாவில் செம்மண் திராட்சைத் தோட்டம், மெசெத்தா மேட்டுநிலத்தில் நிழலற்ற கோதுமை வயல், லெயோன் மலையில் புதர்நிலம், கலீசியாவில் ஓக், செஸ்நட் மரங்கள் கவிந்த ஈரமான பள்ளப் பாதை என்று நாள்தோறும் காட்சி மாறுகிறது. பாதையைக் காக்க வேண்டுமானால் அதன் இருபுறமுள்ள நிலத்தையும் காக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. கலீசியாவில் பழைய காடு இருந்த பல இடங்களில் இன்று காகித ஆலைக்கான யூக்கலிப்டஸ் தோப்புகளே உள்ளன. பாதை மாறவில்லை, பாதையோரம் மாறிவிட்டது.

திட்டமிடலிலும் பிழைகள் நேர்ந்தன. பலென்சியா மாநிலத்தில் சில பகுதிகளில் நெடுஞ்சாலையை ஒட்டியே நேர்கோட்டில் சரளைக்கல் பாதை அமைத்தனர். பராமரிப்பது எளிது, நடப்பது பாதுகாப்பு. ஆனால் நாள் முழுவதும் வண்டி இரைச்சலோடு நடப்பதை யாத்திரிகர் பலரும் விரும்புவதில்லை.

சிக்கல்கள்

முதலாவது, நெரிசல். சான்றிதழுக்கு 100 கி.மீ. போதும் என்பதால், 115 கி.மீ. தொலைவிலுள்ள சாரியா நகரிலிருந்து தொடங்குவோரே மிகப் பெரிய குழுவினர். எனவே கடைசி ஐந்து நாள் பாதை கோடையில் திருவிழாக் கூட்டமாக உள்ளது. அதற்கு முந்தைய 600 கி.மீ.க்கும் மேற்பட்ட தொலைவுக்கு அதே பயன் கிடைப்பதில்லை. ஒரு சிறு விதி, பணம் பாயும் இடத்தையே தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது, பாதையின் குறுகிய எல்லை. அம்புக்குறி போகும் ஊர் பிழைக்கிறது; 5 கி.மீ. தள்ளி இருக்கும் ஊர் காலியாகிக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் தம் கடைப்பக்கம் ஆட்களைத் திருப்பக் கடைக்காரர்களே அம்புக்குறி வரைந்த நிகழ்வுகளும் உண்டு.

மூன்றாவது, பருவம். வருவோர் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரையே வருகின்றனர். குளிர்காலத்தில் மடங்கள் பல மூடப்படுகின்றன. கோடை வருமானத்தைக் கொண்டு ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துவது எளிதன்று. தங்குமடம் திறந்ததால் மட்டும் ஊருக்குப் பள்ளிக்கூடம் திரும்பி வந்துவிடாது. இளங்குடும்பங்கள் குடியேறினால்தான் ஊர் பிழைத்தது எனலாம். அது சில ஊர்களில்தான் நடந்துள்ளது.

நான்காவது, பொருள் மாற்றம். சமய நம்பிக்கையோடு நடப்பவர், உடல்நலத்துக்காக நடப்பவர், விடுமுறைக்கு வருபவர் எனப் பலரும் ஒரே பாதையில் செல்கின்றனர். சுமையை வண்டியில் அனுப்பிவிட்டு, முன்பதிவு செய்த விடுதிகளில் தங்குவோர் பெருகியுள்ளனர். சுமையோடு நடப்பவருக்கு இடமில்லாமல் போகும் நாள்களும் உண்டு.

பிற நாடுகளில் இதன் தாக்கம்

ஜப்பானின் கீ தீவக்குறையிலுள்ள குமானோ கோதோ என்ற மலை யாத்திரைப் பாதை 2004-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1998-இல் அது சந்தியாகோ நடைவழியோடு சகோதர வழியாக இணைக்கப்பட்டது. அங்குள்ள தனபே நகரம் 2006-இல் தனிச் சுற்றுலாப் பணியகம் அமைத்தது. பெருங்கூட்டத்தைவிட, தங்கி நடக்கும் சிறு குழுக்களையே அது நாடுகிறது.

தென் கொரியாவின் ஜேஜூ தீவில் பிறந்த இதழாளர் சொ மியோங் சுக் 2006-இல் சந்தியாகோ வழியை நடந்தார். ஊர் திரும்பியவர் 2007-இல் ஜேஜூ ஒல்லே என்ற நடைவழியின் முதல் பகுதியைத் திறந்தார். தெருவிலிருந்து வீட்டு வாசலுக்குச் செல்லும் சந்தினை அத்தீவு மக்கள் ஒல்லே என்பர். 2012-இல் தீவைச் சுற்றிவரும் வழி நிறைவுற்றது. இன்று அதன் நீளம் 400 கி.மீ.க்கு மேல். பழைய வயல்வரப்புப் பாதைகளையும் கடலோரப் பாதைகளையும் தன்னார்வலர்கள் தேடி இணைத்தனர். நீலமும் ஆரஞ்சுமான நாடாக்களே அங்கு வழிகாட்டிகள்.

திட்டமிடுவோருக்கான பாடங்கள்

இவ்வரலாற்றிலிருந்து, கிராமப்புற நடைவழி அமைக்க நினைப்போர் கீழ்க்காணும் முடிவுகளுக்கு வரலாம்.

1. பாதையைப் புதிதாகப் போடுவதைவிட, மக்கள் ஏற்கெனவே நடந்த பாதையைக் கண்டறிவது மேல். அதற்கு ஆவணமும் வேண்டும், ஊர் முதியவரின் நினைவும் வேண்டும்.

2. வழிக்குறி எளிதாகவும் மலிவாகவும் உள்ளூர் மக்களே பராமரிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

3. ஒருநாள் நடைத் தொலைவுக்குள் தங்குமிடம், குடிநீர், உணவு ஆகியவை உறுதியாக வேண்டும். புதுக் கட்டடம் தேவையில்லை. மூடிய பள்ளியும் பாழ்வீடும் போதும்.

4. சான்றிதழ், கட்டணம் போன்ற விதிகளை வகுக்கும்போது கூட்டமும் பணமும் எங்கே குவியும் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

5. பக்கத்து ஊர்களுக்குக் கிளைப்பாதைகள் அமைத்து வருவாயைப் பகிர வேண்டும்.

6. பாதையோரக் காடு, வயல், நீர்நிலை ஆகியவற்றின் பாதுகாப்பு பாதைத் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

சந்தியாகோ நடைவழியின் மறுபிறப்பை அரசின் திட்டம் என்று மட்டும் கூறுவோர் உண்டு. ஆனால் கால வரிசை வேறு செய்தியைச் சொல்கிறது. அம்புக்குறிகள் 1984-இல் வந்தன. ஐரோப்பிய மன்றத்தின் அறிவிப்பு 1987-இல் வந்தது. அரசின் பெருந்திட்டம் 1993-இல் வந்தது. பாதையை நன்கு அறிந்த ஒருவரும், அவரோடு சேர்ந்த ஊர்ச் சங்கங்களும் முன்னே நடந்தனர். அரசுப் பணம் பின்னே வந்தது. அந்த வரிசை மாறியிருந்தால் விளம்பரப் பலகைகள் இருந்திருக்கும். வருபவரை வரவேற்கும் ஊர்கள் இருந்திருக்குமா என்பது ஐயமே.